சிவப்பு நீச்சலுடையும் நீல நீச்சலுடையும்

அவருடைய இடது கைச் சுண்டுவிரல் நகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அவரை வரைய முடியாது. மற்ற ஒன்பது நகங்களையும் ஒட்ட வெட்டியிருப்பார். அந்த ஒன்றை மட்டும் வளர்த்து, நுனியைச் சீவி, மஞ்சள் பூத்த சின்னக் கரண்டி மாதிரி வைத்திருந்தார். ஆல்பத்திலிருந்து அட்டையைக் கீறாமல் தூக்குவதற்கு அதுதான் கருவி. காது குடைவதற்கும் அதுவேதான். இந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவே அவர் அதைத் துடைத்து நான் பார்த்ததில்லை.

பிரிஞ்சாங் சந்தைக்குப் பின்னால், கடைவரிசையின் மாடியில் அவருக்கு ஃபோட்டோஸ்டாட் கடை. ஐசி என்கிற அடையாள அட்டைக்குப் படம், பாஸ்போர்ட் படம், லேமினேட் எல்லாம் உண்டு. சுற்றுவட்டார எஸ்டேட் லைன்களில் இருக்கிற பாதிப் பேருடைய முகம் அவருடைய கேமராவுக்குள் போய் வந்ததுதான். ஆனால் அவர் வாழ்ந்தது பின் அறையில். அங்கே ஸ்ட்ராபெரி விற்கிற பிளாஸ்டிக் டப்பாக்களில் நெருக்கி நெருக்கி அஞ்சலட்டைகள். எல்லாமே இங்கிலாந்துக் கடற்கரை ஊர்களில் அந்தக் காலத்தில் விற்ற கேலிச்சித்திர அட்டைகள். குண்டு மனைவி, ஒல்லிக் கணவன், சிவந்த மூக்கு, யாருடைய பின்புறத்தையாவது கவ்வுகிற நண்டு, கீழே கொச்சையாக ஒரு வரி. துரைமார் பங்களா ஒன்றில் பழைய சாமான்களை ஒழித்தபோது ஒரு கட்டு அவர் கைக்கு வந்திருக்கிறது. மிச்சத்தை இணையத்தில் அலைந்து சேர்த்தார்.

அவர் கடலைப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். மலை இறங்கினால் வாந்தி வரும் என்பார். வருடம் முழுக்க அதே காப்பிக் கலர் ஸ்வெட்டர், அதன் மேல் தைல வாசனை, வாசனைக்கு மேல் நேற்றுத் தின்ற கெரொப்போக் வறுவலின் தூள்.

நான் அவரைத் தேடிப் போனவள். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கோலாலம்பூரில் வரலாறு படித்துவிட்டு வந்து, தேயிலைத் தொழிற்சாலையில் சுற்றுலாக்காரர்களுக்கு இலை உலர்வதை விளக்கிக்கொண்டிருந்தேன். எதைப் பார்த்தாலும் அது ஒரு புராஜெக்டாகத் தெரிந்த வயது. லைன் வீடுகளில் கிடக்கிற பழைய பொருள்களைப் படம் பிடித்து இணையத்தில் ஒரு கண்காட்சி வைக்கப் போவதாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொன்ன ஒரு நாள், ஃபோட்டோஸ்டாட் எடுத்துக்கொண்டே அவர் திரும்பாமல் கேட்டார்:

"வெள்ளக்காரன் கார்டு பாக்குறியா?"

மேசையில் இரண்டு அட்டைகளை வைத்தார். பார்த்தால் ஒரே படம். "வித்தியாசம் சொல்லுலா." நான் நான்கு சொன்னேன். அவர் ஒன்பது சொன்னார். விற்பனை நன்றாக இருந்தால் அச்சகத்தார் ஒரே படத்தை மறுபடி மறுபடி அடிப்பார்களாம். ஒவ்வொரு முறையும் ஏதாவது நழுவும். மேகம் ஒன்று குறையும், நண்டுக்குக் கால் கூடும், நீச்சலுடை நிறம் மாறும். எந்த ஊராவது ஆபாசம் என்று முகம் சுளித்தால் கழுத்துப்பகுதியைக் கொஞ்சம் மேலே ஏற்றி வரைந்து திரும்ப விடுவார்கள். அவருக்கு அட்டையிலிருந்த நகைச்சுவை ஒரு பொருட்டே இல்லை. அந்த வரிகளுக்கு அவர் சிரித்து நான் கேட்டதில்லை. வித்தியாசம் ஒன்று அகப்பட்டால் மட்டும் மூக்கால் 'ம்க்கு' என்று ஒரு சத்தம் வரும். அட்டையில் வாயை வைத்து ஊதி, ஆவி படிந்ததை ஸ்வெட்டரால் துடைத்து, மறுபடி லென்ஸ். எச்சில் பட்ட விரலால் இன்னோர் அட்டை.

மூன்று வாரம் எனக்கு அது பைத்தியமாகப் பிடித்திருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் கோலா தெர்லாவிலிருந்து ஒரு பெண் ஐசி படம் எடுக்க வந்தார். தோட்டத்து மண் காயாத பூட்ஸ், பருத்த உடம்பு, கூச்சத்தோடு ஒரு சிரிப்பு. அவர் கேமராவைச் சரிசெய்துகொண்டே முணுமுணுத்தார்: "பதினாலு." அந்த அக்கா போனதும், என்ன பதினாலு என்று கேட்டேன். பின் அறையிலிருந்து பதினாலாம் எண் அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். குண்டுப் பெண் ஒருத்தி கடலுக்குள் இறங்கியதும் தண்ணீரெல்லாம் வெளியே வழிந்துவிட, கரையில் இருப்பவர்கள் ஓடுகிற படம். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது.

ஊரில் எல்லாருக்கும் எண் இருந்தது. பள்ளி ஆசிரியை, கோயில் தலைவர், மருந்துக்கடைப் பெண், அவருடைய சொந்த மாமியார்கூட. அடுத்த வாரம் நானே வாயைக் கொடுத்தேன்.

"எனக்கும் இருக்கா?"

"இல்லாமயா. முப்பத்தொண்ணு." எடுத்துப் போட்டார். பெஞ்சில் ஒரு கண்ணாடிக்காரி புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க, கடற்கரையே அடுத்த பெஞ்சுக்காரியைப் பார்க்கிறது. அவர் லென்ஸைத் தூக்கி என் முகத்தருகே கொண்டுவந்தார். தைலமும் காதழுக்கும் சேர்ந்து மணத்தது. "ஆனா உனக்குத் தாடை கொஞ்சம் கம்மி. வேற பிரிண்ட்டு."

வீட்டுக்குப் போய் முகம் கழுவினேன். சோப்புப் போட்டு இரண்டு தடவை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய கடைக்குக் கீழே மளிகைக்கடை வைத்திருந்த பெரியவர் இறந்துபோனார். துக்கத்துக்கு நானும் போயிருந்தேன். மாலை போட்டு வைத்திருந்த படம், பெரியவருடைய செல்ஃபி ஒன்றிலிருந்து அவசரத்தில் பெரிதாக்கியது. எங்கள் ஆள் வந்தார், கும்பிட்டார், படத்தைப் பார்த்தார். போயிருக்கலாம். போகவில்லை.

"படம் திரும்பியிருக்கு. இவருக்கு மச்சம் வலது கன்னம்லா."

மகன் மெல்லச் சொன்னான்: "அண்ணே, இப்ப வேணாம்ணே."

"இல்லலா, ஐசிக்கு நான்தானே புடிச்சேன். வா, பாரு." சவப்பெட்டிக்குள் குனிந்து, அந்த நகத்தால், இறந்தவருடைய வலது கன்னத்தைச் சுட்டினார். தொட்டேவிட்டார் என்று நினைக்கிறேன். பெண்கள் பக்கம் அழுகை நின்று, பிறகு வேறு மாதிரி எழுந்தது.

மச்சம் அங்கேதான் இருந்தது. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எனக்குக் குமட்டியதும் அதனால்தான். தப்பாகச் சொல்கிறவரை விரட்டிவிடலாம். இவரை என்ன செய்வது?

இதற்குப் பிறகும் நான் அங்கே போனேன். எனக்கு அவருடைய கண் தேவைப்பட்டது.

ராசம்மா அத்தை எங்கள் லைனில் கடைசி வீட்டுக்காரர். காலமெல்லாம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். கியா பார்மில், தவுக்கே என்று கூப்பிடுகிற சீன முதலாளி ஒருவரின் காய்கறிக் கடையில் கீரைக்கட்டு கட்டப் போய்க்கொண்டிருந்தார். கண்காட்சிக்குப் பழைய சாமான் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, துணி சுற்றிய ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே இரண்டு அஞ்சலட்டைகள், படம் கீழே, எழுத்து மேலே.

அத்தையின் அம்மா துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். துரை குடும்பம் சீமைக்குத் திரும்பியபோது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள இரண்டு வருடத்துக்கென்று கூட்டிப் போனார்கள். அத்தைக்கு அப்போது ஆறு வயது, சின்னம்மாவிடம் விட்டுப் போயிருக்கிறார். அங்கே கடலோரம் வீடு. அங்கிருந்து முதல் வருடம் ஓர் அட்டை வந்தது, இரண்டாம் வருடம் இன்னொன்று. அதற்கு அடுத்த மாதம் எஸ்டேட் ஆபீசுக்கு துரையின் தட்டச்சுக் கடிதம் வந்தது, மார்ச்சளியில் இறந்துவிட்டார் என்று. ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி வந்து படித்துச் சொன்னாராம். அவ்வளவுதான் அம்மா.

அட்டையின் வலது பாதியில் துரைசானி மையால் எழுதிய எஸ்டேட் விலாசம். இடது பாதியில் பென்சிலால் தமிழ். நான் திருப்பினேன். குண்டு மனைவி, ஒல்லிக் கணவன், நண்டு. ஒன்றில் சிவப்பு நீச்சலுடை, மற்றதில் நீலம். ஒரே படத்தின் இரண்டு அச்சு.

"அந்தக் கண்றாவியப் பாக்காத பாப்பா. எங்கம்மாவுக்கு இங்கிலீஸ் தெரியாது. கடல் இருக்குன்னு வாங்கிருக்கும். திருப்பு, எழுத்தப் பாரு."

நான் எழுத்தைப் பார்க்கவில்லை. படத்தைத்தான் கைப்பேசியில் எடுத்தேன், ஐந்தாறு கோணத்தில். பிறகு, டவுனில் இதற்கென்றே ஒருவர் இருக்கிறார், எந்தக் காலத்து அச்சு என்று சொல்லிவிடுவார், இரண்டே நாள் என்றேன். அத்தை டின்னை மூடி, திறந்து, மறுபடி மூடினார்.

"தொலச்சிட மாட்டியே?"

"நான் கேரண்டி அத்தை."

ஃபோட்டோஸ்டாட் கடைக்காரர் அட்டைகளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நீலம் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறாராம், கண்ணால் கண்டதில்லையாம். அன்று அவர் மூக்கு எத்தனை தடவை 'ம்க்கு' என்றது என்று எண்ணவில்லை. இரண்டு நாள் ஒரு வாரமாயிற்று. எட்டாம் நாள் போனேன். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, இரண்டையும் தாம்பாளம் நீட்டுகிற மாதிரி நீட்டினார்.

"சும்மா பண்ணிக் குடுத்திருக்கேன். அரை நாள் வேல. திருப்பிப் பாரு."

திருப்பினேன். இடது பாதி வெளுப்பாக இருந்தது.

"யாரோ பென்சில்ல கிறுக்கி வச்சிருந்தாங்க. பேனான்னா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. பென்சில்ங்கறதால கார்டு தப்பிச்சுது." மேசையில் ரப்பர் துருவலும் பென்சிலை ஒற்றியெடுத்த ரொட்டி உருண்டைகளும் சாம்பல் நிறத்தில் கிடந்தன. பேசிக்கொண்டே ஊதினார். அது என் சட்டையில் வந்து ஒட்டியது.

"அது தமிழ் எழுத்து," என்றேன். "படிச்சீங்களா?"

"எதுக்கு?"

அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. துரைசானியின் மை விலாசம் அப்படியே இருந்தது. அதை விரலால் தட்டி, "இது போகாது. பரவால்ல, ஸ்டாம்புக்குப் பக்கத்துல இருந்தா அழகுதான்," என்றார். அவருடைய கழுத்தைப் பிடித்திருப்பேன். நான் செய்ததெல்லாம் கத்தியதுதான். கத்திக்கொண்டே என் கைப்பேசியைத் துழாவினேன். எல்லாம் குண்டு மனைவி. பின்பக்கம் ஒன்றுகூட இல்லை. அந்த நிமிடம் அவரை வெறுப்பது கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது. அதற்காகவும் அவரை வெறுத்தேன்.

கியா பார்முக்குப் போனேன். அத்தை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினார். திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"மாத்திக் கொண்டாந்துட்டியா பாப்பா? இது எங்கம்மாவுது இல்லியே."

"அதேதான் அத்தை." நடந்ததைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன், நான் எடுத்த படங்களையும் சேர்த்து.

அவர் திட்டவில்லை. கீழே உட்கார்ந்தார். கீரை நாரைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். வாய் மட்டும் அசைந்தது. அம்மா எழுதியது அவருக்கு மனப்பாடம். சொல் போகவில்லை, அம்மாவின் கையெழுத்துதான் போய்விட்டது. அப்புறம் பெருவிரலால் அந்த வெளுப்பைத் தடவினார். கொழுந்து எடுத்தே காய்த்துப்போன விரல். தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இருக்கு," என்றார். "பள்ளம் இருக்கு. அழுத்தி எழுதுனது. அவங்கிட்ட பெரிய கண்ணாடி இருக்குன்னியே?"

தவுக்கேயிடம் சொல்லிவிட்டு முட்டைக்கோஸ் லோரி ஒன்றில் ஏறிப் பிரிஞ்சாங்குக்கு இறங்கினோம். மாடிப்படி ஏறி அத்தை அவர் முன்னால் அட்டைகளை வைத்தார். கோபமாக எதுவும் சொல்லவில்லை. "படிச்சுக் குடு தம்பி."

ஒரு வேலை கிடைத்த சந்தோஷம்தான் அவருக்கு. ஜன்னலுக்குத் திரையை இழுத்தார். டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்தார். அட்டைக்கு மேல் ஒளி சாய்ந்து விழுந்ததும், அழிந்த கோடுகள் நிழலாக எழுந்தன. சிவப்பு அட்டையை அவர் எழுத்து எழுத்தாகக் கூட்டினார்.

"மகள்... ராசுக்கு... அம்மா..."

"எழுதுறது," என்றார் அத்தை.

"எழுதுறது. இங்க... கட..."

"கடல் இருக்கு. நம்ம மல மாதிரி குளிரு. பாப்பாக்குப் பல்லு மொளச்சிருக்கு. சின்னம்மா சொல்றதக் கேளு."

"வருது, வருது," என்றார் அவர். அந்த நகத்தின் நிழல் வரி வரியாக நகர்ந்தது. அத்தை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அந்த நிழலுக்குப் பின்னாலேயே குனிந்து வந்தார். ஒவ்வொரு வரிக்கும் முகம் இளகியது.

அடுத்து நீலம். "ராசுக்கு... அம்மா சொகம்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். சிவப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நீலம். சிவப்பு. மறுபடி நீலம். மேசைக்கு அடியில் அவர் காலை உதைத்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

"ம்க்கு," என்றது மூக்கு. "அக்கா, இது ரெண்டும் வேற வேற கைலா."

"போதும், விடுங்க," என்றேன்.

"இல்லலா, பாரு. இது எழுத்துக் கூட்டி எழுதறவங்க கை. ஒண்ணொண்ணும் தனியா நிக்குது, நல்லா அழுத்தம். நீலம் நல்லாப் படிச்சவங்க கை. சாஞ்சு, சேந்து ஓடுது. பேப்பர்ல பள்ளமே கொஞ்சந்தான்."

அத்தை கேட்டார்: "நல்லாப் படிச்சவங்களா?"

"ஆமாக்கா."

"எங்கம்மா ரெண்டாவதோட நின்னவ."

"அப்பச் சரி. செவப்புதான் உங்கம்மா. நீலம் யாரோ எழுதிக் குடுத்தது. அப்பவே கை முடியாமப் படுத்திருப்பாங்க போல." அவருடைய முகத்தில் எந்தக் கெடுதலும் இல்லை. பல்லிடுக்கில் எச்சில் நூல் பளபளக்க, விடை கண்டுபிடித்த பிள்ளை மாதிரி இருந்தார்.

நீல அட்டையில்தான், அடுத்த வருடம் கப்பல் ஏறிவிடுவேன் என்று இருந்தது. அத்தை ஒரு வாழ்நாள் முழுக்க வைத்திருந்த வரி அது. சுகமாக இருந்தவர்தான் திடீரென்று போய்விட்டார் என்று அதை வைத்துத்தான் நம்பியிருந்தார். இப்போது கண்ணைத் துடைக்கவில்லை, உட்காரவும் இல்லை. அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். டார்ச்சை அணைக்கலாம் என்று நான் கையை நீட்டினேன். அப்போதுதான் கடைக்காரர் கேட்டார்.

"அக்கா, இந்த நீலம் உங்கம்மா எழுதுனது இல்லியே. அப்ப இத நான் வச்சுக்கலாமா?"

நாற்காலியில் ஏறி அந்த டப்பாக்களையெல்லாம் ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உனக்குப் படந்தானே வேணும் தம்பி?"

"ஆமாக்கா. படந்தான்."

"தண்ணியில ஊறப் போட்டா அட்ட ரெண்டாப் பிரியும். காய்கறிப் பெட்டியில தெனம் பாக்குறேன். பிரிச்சு, படத்த நீ எடுத்துக்க. எழுதுன பக்கத்த எனக்குக் குடு."

அவர் சிரிக்கப் பார்த்தார். அத்தை சிரிக்காததைக் கண்டதும் கை தானாக அட்டையின் மேல் போய்ப் பொத்திக்கொண்டது. உதடு வெளுத்துவிட்டது. அவர் முகத்தில் நான் முதன்முதலாக வலியைப் பார்த்தேன்.

"உரிச்சா கார்டு செத்துடும்க்கா," என்றார்.

அத்தை அந்த முகத்தை நிதானமாகப் பார்த்தார். அவர் அட்டைகளுக்குக் கொடுத்த அளவு நேரம் கொடுத்துப் பார்த்தார்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு," என்றார்.

அவருடைய கையை விலக்கி, இரண்டையும் எடுத்தார். பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றி மேசையிலேயே வைத்தார். அட்டைகளைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு, "வா பாப்பா, தவுக்கே தேடுவான்," என்று நடந்தார். ஒன்று அம்மா எழுதியது, மற்றது யாரோ எழுதியது என்று பிரித்து மடித்ததாகத் தெரியவில்லை. சேர்த்தே மடித்தார்.

நாங்கள் பாதிப் படி இறங்கியிருப்போம். மேலே திரை விலகுகிற சத்தம் கேட்டது. அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அக்கா," என்று கூப்பிட்டார். கவலை நிஜமாகவே இருந்தது அந்தக் குரலில். "அந்த நீலத்த வெயில்ல வச்சிடாதீங்க. கலர் போயிடும்."

படத்தைத்தான் சொன்னார்.